மாண்டிசோரி அம்மையார்

விதை முளைப்பதற்கு வேண்டிய ஆற்றல் விதையினுள்ளேயே அடங்கியிருக்கிறது. உழவன் அவ்வாற்றலை அதற்குக் கொடுப்பதில்லை. மண்ணைப் பண்படுத்தி, நீர் பாய்ச்சி, களை நீக்கி, அது வெளிப்படுவதற்கேற்ற இடத்தை அமைத்துக் கொடுப்பதே அவன் செயல். குழந்தையின் கல்வியும் அத்தகையதே என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மாணவர் கற்கத் தவறினால் குறை அவரிடத்தே உள்ளது என்றே உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. அக்குறை அவர் அமர்ந்திருக்கும் அறையிலும் இருத்தல் கூடும் என்று ஐயுற்று, அவ்வையத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து தெளிந்தவர் அவ்வம்மையார்.

இளமை

இத்தாலி நாட்டின் கீழ்க்கரையில் அங்கோனா என்னும் துறைமுக நகரம் உள்ளது. அதன் அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ அரசாங்க அலுவலர். பழைய முறைகளில் பற்றுடையவர். தாயார் ரெனில்தே நூல்கள் பல கற்றவர். தம் மகள் கல்வியில் உயரவேண்டும் என்னும் பேரவா கொண்டவர். மரியாவுக்கு ஐந்து வயதானபோது அக்குடும்பம் ரோமாபுரியில் குடியேறியது.

அக்காலத்தில் படித்த பெண்கள் மேற்கொள்ளத்தக்க தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றே என்று பலர் எண்ணினர். மரியாவின் பெற்றோரும் அதனையே விரும்பினர். ஆனால், மரியாவோ ஆசிரியத் தொழில் தமக்கு வேண்டா என்று மறுத்துவிட்டார். கணிதத்தில் விருப்பம் மிகுந்திருந்தமையால் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து, பொறியியல் அறிஞராக விளங்க எண்ணினார். பின்னர் அவ்வெண்ணம் மாறி, மருத்துவம் பயிலத் துணிந்தார். எத்தொழில் வேண்டா என்று இளமையில் தள்ளினாரோ, அத்தொழிலையே பிற்காலத்தில் உலகெங்கும் உயர்த்திய பெருமை அவரைச் சேர்ந்தது.

ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பெண் ஒருத்தி மருத்துவம் பயிலுதல் அந்நாளில் பெரும் புதுமை. உடன்பயின்றவருட் பலர் அவரை ஏளனம் செய்தனர். தந்தையாரும் மகளின் துணிவை விரும்பவில்லை. இறந்தோர் உடலை அறுத்து ஆராயும் வகுப்பில் ஆடவரோடு ஒரு பெண் நின்று பயிலுதல் தகாது என்று கருதப்பட்டது. ஆகவே, ஏனையோர் சென்ற பின்னர், மாலை வேளையில், பிணங்கள் கிடக்கும் கூடத்தில் அவர் தன்னந்தனியே இருந்து பயிலவேண்டியதாயிற்று. தாயார் அளித்த ஊக்கமும் தம் உள்ளத்து உறுதியுமே அவருக்குத் துணையாயின. 1896-ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற்சில பெண்மணிகளுள் அவரும் ஒருவர்.

வெறுமையான அறை

பட்டம் பெற்ற பின்பு அம்மையார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மனநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தார். அப்பணியின் பொருட்டு ரோமாபுரியிலிருந்த மனநோயாளர் விடுதிகளுக்கு அவர் அடிக்கடி செல்வதுண்டு. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்நாளில் அவ்விடுதிகளிலேயே அடைத்து வைத்திருந்தனர்.

அத்தகைய விடுதி ஒன்றில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். ஓர் அறையில் குழந்தைகள் பலர் அடைபட்டிருந்தனர். உணவு உண்டு முடித்ததும் அவர்கள் தரையில் வீழ்ந்து, சிதறிக் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடித் துழாவினர். அவர்களைக் காத்து நின்ற பணிப்பெண் அதனைக் காட்டி, விலங்குகள் போன்ற அவர்களுடைய பெருந்தீனி வேட்கையைப் பழித்துக் கூறினாள். அம்மையார் அவ்வறையைச் சுற்றி நோக்கினார். நான்கு சுவர்களைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கையால் எடுத்துப் பார்க்கவோ, விளையாடவோ ஒரு சிறு பொருள் தானும் இல்லை. குழந்தைகள் அத்துணுக்குகளை விரலால் உருட்டியும் பிசைந்தும் பார்த்ததை அவர் கண்ணுற்றார். அவர்கள் நாடியது உணவையன்று. கைக்கு ஒரு வேலையை, அதன்வழியே அறிவுக்கு ஓர் இரையை நாடினர் என்று அவர் உணர்ந்தார். பணிப்பெண் குழந்தைகளின் இழிவைக் கண்ட இடத்தில், அம்மையார் அறையின் வறுமையைக் கண்டார்.

அன்றுமுதல் அக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தைவிடத் தக்க கல்வியே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பிரான்சு நாட்டு மருத்துவர்களாகிய இத்தார், செகென் என்னும் இருவர் தமக்கு முன்பே இத்துறையில் உழைத்திருப்பதை அறிந்தார். இத்தார் என்பவர் காட்டில் தனித்து வளர்ந்த சிறுவன் ஒருவனுக்குக் கல்வி புகட்ட முயன்றவர். செகென் அவருடைய வழியைப் பின்பற்றி வளர்த்தவர். அவ்விருவர் நூல்களையும் அம்மையார் இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே முதலிலிருந்து முடிவுவரை எழுதினார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நின்று எண்ணவேண்டும் என்பதே அவர் கருத்து.

1900-ஆம் ஆண்டில் அறிவு குன்றிய குழந்தைகளுக்கென ரோமாபுரியில் ஒரு பள்ளி நிறுவப்பெற்றது. அதன் தலைமைப் பொறுப்பில் அம்மையார் பங்கு கொண்டார். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணிவரை குழந்தைகளோடு தாமே இருந்து கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றை எழுதி ஆராய்ந்தார். கையால் தொட்டும், அடுக்கியும், பொருத்தியும் பார்த்தற்குரிய பயிற்சிப் பொருள்கள் பலவற்றைச் செய்து கொடுத்தார். அறிவு வளராதென்று கைவிடப்பட்ட அக்குழந்தைகளுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைய குழந்தைகள் எழுதும் பொதுத் தேர்விலும் தேறினர்.

ஊரார் இதனை ஓர் அற்புதமாகப் போற்றினர். அம்மையாரோ மகிழ்ச்சியில் திளைத்துவிடவில்லை. வேறொரு கேள்வி அவரை வருத்தியது. குறையுடைய குழந்தைகள் தக்க முறையால் இவ்வளவு உயர்ந்தனர் என்றால், குறை ஒன்றும் இல்லாத குழந்தைகள் பொதுப் பள்ளிகளில் அவர்களுக்குச் சமமாகவே நிற்பது ஏன்? அவர்களுடைய ஆற்றலைத் தடுத்து நிறுத்துவது யாது? இக்கேள்விக்கு விடை காணவேண்டி அவர் மீண்டும் மாணவியாகிப் பல்கலைக்கழகத்தில் உளநூலும் மெய்யியலும் பயின்றார். பள்ளிகள் பலவற்றுக்குச் சென்று கண்டார். அங்கே குழந்தைகள் அசைக்கவொண்ணாத கனத்த பலகைகளில், வரிசை வரிசையாக, கையையும் காலையும் ஒடுக்கி அமர்ந்திருந்தனர். பேசுதல் குற்றம், எழுதல் குற்றம், அசைதலும் குற்றம். பரிசும் தண்டனையுமே அவர்களைக் கற்குமாறு உந்தின. உடல் கட்டுண்ட இடத்தில் உள்ளம் மட்டும் எங்ஙனம் வளரும் என்று அவர் எண்ணினார்.

குழந்தைகள் இல்லம்

தம் எண்ணத்தை ஆய்ந்து பார்க்கும் வாய்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ரோமாபுரியில் சான் லொரன்சோ என்னும் பகுதி மிக்க வறுமையுடையது. அங்கே கட்டி முடிக்கப்படாது விடப்பட்ட பெரிய வீடுகளில் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். ஒரு கட்டட நிறுவனத்தார் அவ்வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டனர். பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயது எய்தாத சிறு குழந்தைகள் காப்பாரின்றி ஓடித் திரிந்து, சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களை ஓர் அறையில் சேர்த்துக் காத்தால் சுவர்களைச் செப்பனிடும் செலவு குறையும் என்று நிறுவனத்தார் கருதி, அப்பொறுப்பை ஏற்குமாறு அம்மையாரை வேண்டினர். புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் ஏழைக் குழந்தைகளைக் காக்கும் வேலையை ஏற்பதா என்று பிறர் எண்ணியிருக்கலாம். அம்மையார் அதனை மனமுவந்து ஏற்றார். 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் அவ்விடம் திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்பது அதன் பெயர்.

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள் அங்கே வந்தனர். அவர்கள் நலிந்த உடலினர். புதியோரைக் கண்டால் அஞ்சி அழுபவர். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆசிரியப் பயிற்சி பெறாத பெண்ணொருத்தியே அமர்த்தப்பட்டாள். அதுவும் நன்மையாகவே முடிந்தது. பழைய முறையில் ஊறிய ஆசிரியராயின், குழந்தைகளைப் பேசாதிருக்கச் செய்வதையே தம் முதற்கடனாகக் கொண்டிருப்பார்.

அம்மையார் முதலில் மாற்றியமைத்தது குழந்தைகளையன்று, அறையையே. நாளடைவில் கனத்த பலகைகளுக்கு மாறாக, குழந்தைகள் தாமே தூக்கி எடுத்துச் செல்லத்தக்க சிறு மேசைகளும் நாற்காலிகளும் இடம்பெற்றன. கை கழுவும் தொட்டியும், துணி மாட்டும் கொம்புகளும், கதவின் பிடியும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்தன. கண்ணாடிக் குவளைகளும் பீங்கான் தட்டுகளும் அங்கே வழங்கின. கனத்த பலகையைக் குழந்தை இடித்தால் ஒன்றும் நேராது. எளிய நாற்காலியை இடித்தால் அது ஓசையோடு விழும். தகரக் குவளை கீழே விழுந்தாலும் உடையாது. கண்ணாடிக் குவளை உடைந்துவிடும். ஆதலின் எப்படி நடப்பது, எப்படிப் பிடிப்பது என்பதனை அப்பொருள்களே குழந்தைக்குக் கற்பித்தன. ஆசிரியர் கடிந்துரைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

பயிற்சிப் பொருள்களும் இக்கருத்தை ஒட்டியே அமைந்தன. ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றில் பொருந்துமாறு குமிழ் வைத்த பத்து மர உருளைகள். உருளைகள் பருமனிலோ உயரத்திலோ ஒன்றினொன்று சிறிதே வேறுபடும். ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி மிஞ்சிவிடும். தவறு நேர்ந்தது என்பதைக் குழந்தை தானே கண்டு, தானே திருத்திக்கொள்ளும். ஒரு வகைப் பொருள் அறையில் ஒன்றே இருந்தமையால், பிறர் அதனைப் பயன்படுத்தும்போது காத்திருக்கும் பொறுமையும் குழந்தைகளிடம் வளர்ந்தது.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வுருளைகளை எடுத்துப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தியதும் மீண்டும் வெளியே எடுத்தாள், மீண்டும் பொருத்தினாள். அவளுடைய கருத்து சிறிதும் சிதறவில்லை. அம்மையார் ஏனைய குழந்தைகளை அவளைச் சுற்றிப் பாடி ஆடுமாறு செய்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியை அப்படியே தூக்கி ஒரு மேசையின்மேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு, அங்கிருந்தவாறே தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேலும் அப்பயிற்சியைச் செய்தபின் அவள் தானாகவே நிறுத்தினாள்; உறங்கி எழுந்தவள் போலத் தெளிந்த முகத்தோடு சுற்றும் முற்றும் நோக்கினாள். சிறு குழந்தைகளின் கவனம் ஒன்றிலும் நில்லாது என்னும் கொள்கை அன்று அம்மையாரின் கண்ணெதிரே தகர்ந்தது. கவனம் நில்லாமைக்குக் காரணம் குழந்தையின் இயல்பன்று. கவனத்தைக் கவரத்தக்க வேலை இல்லாமையே காரணம் என்று அவர் தெளிந்தார்.

மற்றொரு நாள் பொருள்கள் இருந்த அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டாள். அவள் வந்து பார்த்தபோது குழந்தைகள் அலமாரியைத் திறந்து, தத்தமக்கு வேண்டிய பொருள்களை எடுத்துப் பயின்றுகொண்டிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டெனக் கருதினாள். அம்மையாரோ அவர்கள் தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் அறிவுடையர் என்று கண்டார். அதன்பின் பூட்டுடைய உயர்ந்த அலமாரி அகன்றது. திறந்த, உயரங்குறைந்த அலமாரிகள் அமைக்கப்பட்டன.

பரிசு, தண்டனை என்பவற்றின் மதிப்பும் அங்கே வெளியாயிற்று. ஒரு சிறுவன் நன்றாக நடந்தமைக்காக வெள்ளிச் சிலுவைப் பதக்கம் ஒன்றைக் கழுத்தில் அணிந்திருந்தான். மற்றொருவன் தண்டனையாக அறையின் நடுவே ஒரு நாற்காலியில் தனித்து இருத்தப்பட்டிருந்தான். முதற்சிறுவன் தன் வேலையில் ஈடுபட்டு அங்குமிங்கும் நடக்கையில் பதக்கம் அறுந்து விழுந்தது. தண்டனை பெற்றவன் அதனை எடுத்துக் காட்டி, அதனைத் தான் அணிந்துகொள்ளலாமா என்று கேட்டான். வேலைக்கு இடையூறு செய்யாமல் அதனை எடுத்துக்கொள் என்னும் குறிப்போடு மற்றவன் இசைந்து அகன்றான். வேலையில் இன்பம் கண்டவனுக்குப் பதக்கம் பொருட்டாகத் தோன்றவில்லை. வேலையற்று வீற்றிருந்தவனே அதனை அணிந்து மகிழ்ந்தான். அம்மையார் நாளடைவில் பரிசையும் தண்டனையையும் ஒருங்கே கைவிட்டார்.

எழுத்து மலர்ந்த நாள்

அத்துணை இளங்குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் எண்ணம் அம்மையாருக்கு முதலில் இல்லை. எழுத்தறியாத தாய்மார் சிலர் தம் மக்களுக்கு எழுதக் கற்பிக்க வேண்டுமென்று அவரை இரந்து கேட்டனர். அதற்கிணங்கி அவர் எழுத்துகளை மரத்தில் செதுக்குவிக்க முயன்றார். அவ்வேலை செய்வார் எளிதில் கிடைக்காமையால், உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டைகளில் ஒட்டினார். குழந்தைகள் அவ்வெழுத்துகளின்மேல், எழுதும் முறைப்படியே விரலை ஓட்டி, அவற்றின் ஒலியையும் சொல்லிப் பழகினர். பின்னர்த் தனித்தனியே வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொற்களை ஆக்கினர். கண்ணும் செவியும் கையும் ஒரே வேளையில் அவ்வடிவங்களைக் கற்றன. ஆனால், எழுதுகோலைப் பிடித்து எழுதுமாறு எவரும் அவர்களைப் பணிக்கவில்லை.

1907-ஆம் ஆண்டின் இறுதியில், கதிரவன் இனிது விளங்கிய ஒரு குளிர்கால நாளில், அம்மையார் குழந்தைகளோடு மொட்டை மாடியில் இருந்தார். அருகிலிருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டி ஒன்றைக் கொடுத்து, எதிரே தோன்றிய புகைபோக்கியை வரையுமாறு கூறினார். அவன் தரையில் அதனைப் பார்க்கத்தக்கவாறு வரைந்தான், அம்மையார் பாராட்டினார். சிறுவன் அவரை நோக்கி முறுவலித்துச் சிறிது தயங்கி நின்றான். பிறகு, தனக்கு எழுதத் தெரியும் என்று மகிழ்ச்சி மேலிட்டுக் கூவி, குனிந்து, கை என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லைத் தரையில் எழுதினான். மேலும் எழுச்சியுற்றுப் புகைபோக்கி என எழுதினான். கூரை எனவும் எழுதினான். அவன் கூச்சலைக் கேட்ட ஏனைய குழந்தைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு வியந்தனர். சிலர் ஆர்வத்தால் நடுங்கியவாறு சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கித் தாமும் சொற்களை எழுதினர். அவர்களுள் எவரும் அதற்குமுன் எழுதியவரல்லர். பின்வந்த நாட்களில் குழந்தைகள் தரையிலும், கதவிலும், வீட்டுச் சுவரிலும் எழுதித் தள்ளினர். சுவர் பாழாகாமற் காக்கத் தொடங்கிய இல்லத்தின் குழந்தைகள், இப்போது சுவர்களில் எழுத்துகளை நிரப்பலாயினர்.

இந்நிகழ்ச்சி திடீரெனத் தோன்றியதாயினும் காரணமின்றி நேர்ந்ததன்று. விரல்கள் பல நாட்களாகப் பெற்ற பயிற்சி உள்ளே கனிந்து, உரிய வேளையில் வெளிப்பட்டது. பிறர் வற்புறுத்தி எழுதியிருந்தால் அது பாடமாய் நின்றிருக்கும். தானே கண்டு எழுதியமையால் அது படைப்பாயிற்று.

ஆசிரியரின் கடமை

அம்மையாரின் முறையில் ஆசிரியருக்கு வேலை குறைவு என்று கருதுவது பிழையாகும். வாய்ப்பேச்சு மட்டுமே அங்குக் குறைவு; கண்ணின் வேலை மிகுதி. எக்குழந்தை எதற்குப் பக்குவமடைந்துள்ளது என்று நோக்குதல், உரிய பொருளை உரிய வேளையில் எடுத்துக்காட்டுதல், பின்னர் விலகி நிற்றல் ஆகிய மூன்றும் ஆசிரியரின் கடமைகள். இவற்றுள் விலகி நிற்றலே மிகவும் அரியது. தடுமாறும் குழந்தைக்கு உதவக் கை தானாகவே நீளும். அக்கையை அடக்கிக்கொள்ளாவிடில், குழந்தை தானே வெல்லும் இன்பத்தை ஆசிரியர் பறித்தவராவார்.

அங்ஙனமாயின் அவ்வறையில் கட்டுப்பாடு இல்லையோ எனின், உண்டு. எடுத்த பொருளை மீண்டும் அதன் இடத்தில் வைத்தல் வேண்டும். பிறர் வேலையைக் கெடுத்தல் ஆகாது. பொருளை எறிதலோ உடைத்தலோ கூடாது. உரிமையும் ஒழுங்கும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை அக்குழந்தைகளின் அமைதியான வேலை மெய்ப்பித்தது.

உலகப் புகழ்

குழந்தைகள் இல்லத்தின் செய்தி விரைவில் நாடெங்கும் பரவியது. 1909-ஆம் ஆண்டில் அம்மையார் தம் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். 1912-ஆம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மருத்துவத் தொழிலையும் பல்கலைக்கழகப் பதவியையும் அம்மையார் துறந்து, குழந்தைகளின் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். நிலையான வருவாயைக் கைவிட்டு உறுதியில்லாத ஒரு வழியில் இறங்குவதற்குப் பெருந்துணிவு வேண்டும். அத்துணிவு அவரிடம் இருந்தது.

1915-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் பெரியதொரு பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே கண்ணாடிச் சுவர்களையுடைய வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குமுன் பள்ளிக்கே செல்லாத ஏறக்குறைய முப்பது குழந்தைகள் அதனுள் பயின்றனர். நாள்தோறும் மக்கள் திரள் திரளாக வெளியே கூடி நின்று பார்த்தனர். குழந்தைகளோ அக்கூட்டத்தைப் பொருட்படுத்தாது தத்தம் வேலையில் மூழ்கியிருந்தனர். அவ்வகுப்பு தங்கப் பதக்கங்களைப் பெற்றது.

அம்மையாரின் முறையை மறுத்தவரும் உண்டு. அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக் என்பவர் 1914-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, அப்பயிற்சிப் பொருள்கள் ஒரே வகையான வேலைக்கு உரியவை என்றும், குழந்தையின் கற்பனைக்கு அவை போதிய இடம் தரவில்லை என்றும் குறை கூறினார். அதன் பின்னர் அந்நாட்டில் அம்மையாரின் செல்வாக்குப் பல ஆண்டுகள் குன்றியிருந்தது. பொருள்களின் உண்மையான தன்மையைப் புலன்களால் நன்கறிந்த குழந்தையே கற்பனையிலும் ஓங்கும் என்பது அம்மையாரின் கருத்து. இவ்வாராய்ச்சி கல்வியுலகில் இன்றும் முடிந்துவிடவில்லை. எனினும், குழந்தை தன் கையால் செய்து கற்கவேண்டும் என்பதில் இரு திறத்தாரும் ஒத்த கருத்தினரே.

இதனினும் பெரிய எதிர்ப்பு அவர் தாய்நாட்டிலேயே தோன்றியது. 1924-ஆம் ஆண்டில் முசோலினியின் அரசாங்கம் அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அம்மையாரும் அதனை ஏற்றார். ஆனால், தலைவன் சொல்லுக்கு மறுபேச்சின்றிக் கீழ்ப்படியும் மக்களை உருவாக்கவே அவ்வரசாங்கம் விரும்பியது; தானே எண்ணித் தானே தெரிந்தெடுக்கும் மக்களை உருவாக்க அம்மையார் விரும்பினார். இவ்விரண்டும் ஓரறையில் நெடுநாள் வாழ்தல் இயலாது. கருத்து வேறுபாடு முற்றியது. பின்னர் இத்தாலியில் அவர் வழியில் நடந்த பள்ளிகள் மூடப்பட்டன. இட்லர் ஆண்ட ஜெர்மனியிலும் அத்தகைய பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் தாய்நாட்டைவிட்டு ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்தார். 1936-ஆம் ஆண்டில் அங்கே உள்நாட்டுப் போர் மூளவே, அங்கிருந்தும் நீங்கி ஹாலந்து நாட்டை அடைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

அடையாற்றில்

1939-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அம்மையார் தம் மைந்தர் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். பிரமஞான சபையின் தலைவர் அருண்டேலும், அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அவரை அழைத்திருந்தனர். அடையாற்றின் கரையில், பனையோலை வேய்ந்த கொட்டகைகளில், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஏறக்குறைய முந்நூறு பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார்.

சில திங்களில் திரும்புவதாகவே அவர் வந்தார். ஆனால், 1940-ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசாங்கம் இத்தாலியரைப் பகைநாட்டினராகக் கருதி, மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தது; அம்மையார் சபையின் எல்லையைவிட்டு வெளியே செல்லலாகாது என்று கட்டளையிட்டது. எந்த நாட்டின் அரசாங்கம் தம் பள்ளிகளை மூடியதோ, அந்த நாட்டில் பிறந்த காரணத்தாலேயே அவர் இங்குக் காவலுக்கு உட்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அதனை முன்னிட்டு அரசாங்கம் மாரியோவை விடுவித்து, தாயிடம் அனுப்பியது.

அதன்பின் அம்மையார் கொடைக்கானலில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் அவரிடம் பயின்றனர். மலைச்சாரலின் செடிகொடிகளும், பூச்சிகளும், நீர்நிலைகளும் அவர்களுடைய பாடங்களாயின. உயிர்களும் மண்ணும் நீரும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதைக் குழந்தைகள் கண்டறிந்தனர். சான் லொரன்சோவில் நான்கு சுவர்களுக்குள் தொடங்கிய வகுப்பறை, கொடைக்கானலில் மலையளவு விரிந்தது. 1944-ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கும் சென்று பயிற்சி வகுப்பு நடத்தினார்.

போர் முடிந்தபின் 1946-ஆம் ஆண்டில் ஐரோப்பா திரும்பிய அம்மையார், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949-ஆம் ஆண்டுவரை பணிபுரிந்தார். இங்கு அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆயிரவருக்கும் மேற்பட்டவர். இந்நாட்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான நூல் 1949-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று. எவரும் பாடம் சொல்லாமலே தாய்மொழியைக் கற்றுக்கொள்ளும் குழந்தையின் உள்ளம், தன்னைச் சூழ்ந்த எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் இயல்பினது என்று அந்நூல் விளக்குகிறது. குழந்தை சூழலை உறிஞ்சுமாயின், அச்சூழலை நல்லதாக அமைப்பது பெரியோரின் பொறுப்பாகின்றது.

இறுதி நாட்கள்

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபெல் அமைதிப் பரிசுக்கு அம்மையாரின் பெயர் முன்மொழியப்பட்டது. 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், தம் எண்பத்தோராம் வயதில், ஹாலந்து நாட்டின் கடற்கரையூராகிய நூர்ட்விக்கில் அவர் உயிர் நீத்தார். அவ்வூரிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. உலகில் அமைதியை நிலைநாட்டத் தம்மோடு சேருமாறு குழந்தைகளை வேண்டும் வாசகம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. அவரை ஒருகாலத்தில் வெளியேறச் செய்த இத்தாலி நாடு, 1990-ஆம் ஆண்டில் தன் ஆயிரம் லிரா நாணயத்தாளில் அவருடைய உருவத்தைப் பொறித்துப் போற்றியது.

அம்மையாரின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளன. அப்பெயரைத் தாங்காத பள்ளிகளிலும் அவர் கண்ட உண்மையின் சாயலைக் காணலாம். 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையில், குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, தம் கையால் அட்டைகளை எடுத்துத் தத்தம் திறனுக்கேற்பப் பயின்றனர். கரும்பலகைகள் அவர்கள் கைக்கு எட்டுமாறு தரையை ஒட்டித் தாழ அமைக்கப்பட்டன.

வகுப்பறையின் சிறப்பு அதன் பொருட்செலவில் இல்லை. சான் லொரன்சோவின் இல்லத்தில் செல்வம் இருந்ததில்லை. அடையாற்றுக் கொட்டகைக்குப் பனையோலையே கூரை. உப்புத்தாளும் அட்டையும் மரக்கட்டையும் கொண்டே அரிய செயல் முடிந்தது. அவற்றினும் அரியதாக ஒன்று தேவைப்பட்டது. குழந்தையால் இயலும் என்று நம்பி, அதன் முயற்சிக்கு இடம் தந்து, பொறுமையோடு காத்து நிற்கும் ஒரு நெஞ்சமே அது. அந்நெஞ்சத்தை உடையவராய் வாழ்ந்தவர் மாண்டிசோரி அம்மையார்.